கேள்வி எழவில்லை

இந்த நாட்டில் ஒரு வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று சுட்டிக்காட்ட உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. இடம், தேர்வு மையம். நேரம், கேள்விக்கு ஒன்றரை நிமிடம். கையில் ஹால் டிக்கெட் இருக்க வேண்டும். கடைசி மணி அடித்து, விடைத்தாளை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றால் உரிமையும் அத்தோடு சரி. வாசலைத் தாண்டிய பிறகும் ஓட்டையைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருப்பவருக்குத் தேசத் துரோகி, வளர்ச்சியின் விரோதி, அர்பன் நக்சல், எதிர்க்கட்சியின் கைக்கூலி என்று வேறு பட்டங்கள் காத்திருக்கின்றன.

வங்கித் தேர்வு எழுதியவர்களுக்கும், சட்டப் படிப்புக்கான கிளாட் எழுதியவர்களுக்கும் இந்த வகைக் கேள்வி தண்ணீர்பட்ட பாடு. நாலு வரியில் ஒரு வாதம் இருக்கும். கீழே நாலைந்து கூற்றுகள். பின்வருவனவற்றுள் எது உண்மையானால் மேற்கண்ட வாதம் மிகவும் பலவீனமடையும்? இதைச் சொல்லிக்கொடுக்கவே அண்ணா நகரிலிருந்து டெல்லி முகர்ஜி நகர் வரை தெருத் தெருவாகக் கோச்சிங் சென்டர்கள். அமெரிக்காவின் எல்சாட் 1948 முதல் நடக்கிற தேர்வு. 2024 ஆகஸ்டில் அதிலிருந்த புதிர்ப் பகுதியையே தூக்கிவிட்டு, வாதங்களைப் பிரித்து மேய்கிற பகுதியை இரண்டாக்கிவிட்டார்கள். வழக்கறிஞராகப் போகிறவருக்கு வேறெது தெரியாவிட்டாலும் இது தெரிந்தாக வேண்டும் என்று அங்கே நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நம்முடைய கிளாட்டும் 2020இல் பத்தி கொடுத்துக் கேட்கும் முறைக்கு மாறியபோது அதே பாதையில்தான் போனது.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு மாதிரி. மாநகராட்சி கொசு மருந்து அடித்த தெருக்களில்தான் டெங்கு நோயாளிகள் அதிகம் இருக்கிறார்கள். ஆகவே கொசு மருந்துதான் டெங்குவைப் பரப்புகிறது. இந்த வாதத்தை எது பலவீனப்படுத்தும்? கொசு மருந்தின் விலை உயர்ந்துவிட்டது என்பது பொருந்தாது. அண்டை ஊரிலும் டெங்கு இருக்கிறது என்பதும் எதையும் தொடாது. டெங்கு அதிகம் பதிவான தெருக்களுக்கே மருந்து வண்டியை முதலில் அனுப்பினார்கள் என்ற கூற்று இருக்கிறதே, அதுதான் விடை. காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடந்தது அதில் அம்பலமாகிறது. பத்தொன்பது வயதுப் பையன் நாற்பது நொடியில் இதைக் கண்டுபிடித்து அடுத்த கேள்விக்குப் போய்விடுவான்.

வாத்தியார்கள் இதற்குச் சில விதிகள் வைத்திருக்கிறார்கள். வாதம் செய்தவன் யார் என்று பார்க்காதே, வாதத்தைப் பார். கொடுத்த கூற்று உண்மையா பொய்யா என்று ஆராயாதே, உண்மை என்றே வைத்துக்கொள். முடிவை வெறுமனே மறுப்பது பலவீனப்படுத்துவதாகாது, காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவில் இருக்கிற மூட்டில் அடி. வாதத்தை அடியோடு தகர்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை, கொஞ்சம் ஆட்டம் கண்டால் போதும். நல்ல விதிகள். இவற்றை ஒரே ஒரு வாரம் தமிழ்ச் செய்திச் சேனல்களின் எட்டு மணி விவாதத்தில் கட்டாயமாக்கினால் பாதிப் பேருக்கு வேலை போய்விடும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைப் பற்றிய எச்சரிக்கை நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் ஒரு பெண்ணை எதிரில் உட்காரவைத்து, வாதம் எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று வகை பிரித்துக் காட்டுகிறார். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. கூட்டிப் பாருங்கள், 33. உரையாசிரியர் உதவி இல்லாமல் படிக்க முடியாத கடினமான பகுதி அது, தமிழ் இலக்கியம் படிக்கிறவர்களே தாண்டிக் குதித்துவிடுவார்கள். பட்டிமன்ற மேடைகளில் மணிமேகலை என்றால் அமுதசுரபி வரும், பசிப்பிணி வரும், கைதட்டல் வரும். போலி வாதம் 33 மட்டும் ஒருநாளும் வராது. மேடைக்கு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன.

33 என்றதும் இன்னொரு கணக்கு நினைவுக்கு வருகிறது. ஐ.ஏ.எஸ். ஆக விரும்புகிறவர் முதல்நிலைத் தேர்வில் சி-சாட் என்ற தாளை எழுத வேண்டும். 2011இல் வந்தது. வாசித்துப் புரிந்துகொள்வது, தர்க்கம், கணக்கு. இந்த வாதம் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது, இந்தப் பத்தியிலிருந்து எந்த முடிவு நியாயமாகப் பிறக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும் பொறியியல் படித்தவர்களுக்கும் சாதகமான தாள் என்று 2014இல் டெல்லியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதில் நியாயம் இருந்தது. அரசு என்ன செய்தது? 2015 முதல் அந்தத் தாளில் 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி என்று வைத்துவிட்டது. 200க்கு 66 மதிப்பெண். அதற்கு மேல் எடுத்தாலும் மெயின் தேர்வுக்கு ஆள் எடுக்கும்போது கணக்கில் வராது. ஒரு மாவட்டத்தை ஆளப்போகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு தர்க்கம் இருந்தால் போதும் என்று இந்தியக் குடியரசு அதிகாரபூர்வமாக முடிவு செய்திருக்கிறது. மிச்ச இரண்டு பங்கு பணியில் இடைஞ்சல்.

அந்தத் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் 2024 ஜூலை 27ஆம் தேதி மாலை டெல்லி ஓல்டு ராஜீந்தர் நகரில் செத்தார்கள். ஒரு கோச்சிங் சென்டரின் பேஸ்மென்ட். மழைத்தண்ணீர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. இரண்டு பெண்கள், ஓர் ஆண். அந்த பேஸ்மென்டுக்கு வாங்கிய அனுமதி, வண்டி நிறுத்தவும் பொருள் போட்டுவைக்கவும். நடந்தது நூலகம். இப்படி நடக்கிறது, ஆபத்து என்று ஒரு மாதத்துக்கு முன்பே புகார் போயிருந்தது. கால்வாய் தூர்வாரப்படாமல் கிடந்தது. சென்டரின் உரிமையாளரைப் பிடித்தார்கள், சரி. கட்டடத்தின் உரிமையாளர்களைப் பிடித்தார்கள், அதுவும் சரி. பிறகு டெல்லி போலீஸ் இன்னொருவரையும் பிடித்தது. அந்தத் தெரு வழியாக, தேங்கிய தண்ணீரில், தன்னுடைய காரை ஓட்டிக்கொண்டு போனவரை. கார் போனதால் அலை எழுந்தது, அலை எழுந்ததால் கதவு உடைந்தது, கதவு உடைந்ததால் மூவர் இறந்தார்கள், ஆகவே மரணத்துக்குக் காரணம் கார் ஓட்டியவர். கொலைக்குச் சமமில்லாத மரணம் விளைவித்தல் என்று பிரிவு போட்டுச் சிறையில் வைத்தார்கள்.

வினாத்தாளில் போடுங்கள் இதை. பின்வருவனவற்றுள் எது உண்மையானால் காவல்துறையின் வாதம் மிகவும் பலவீனமடையும்? அ) நிலவறையில் நூலகம் நடத்த அனுமதி இல்லை. ஆ) அதைப் பற்றிய புகாரை மாநகராட்சி ஒரு மாதமாக வைத்துக்கொண்டிருந்தது. இ) தெருவில் தண்ணீர் தேங்குவது அங்கே புதிதல்ல. ஈ) காரின் நிறம் கறுப்பு. ஈ-யை விட்டுவிட்டு எதைக் குறித்தாலும் மதிப்பெண் கொடுக்கலாம். அந்த மூன்று பேரும் உயிரோடு இருந்திருந்தால் நாற்பது நொடியில் குறித்திருப்பார்கள், அதற்காகத்தான் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி அந்த நிலவறையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வந்ததற்காக மழைத்தண்ணீருக்கு அபராதம் போடாமல் விட்டீர்களே என்று டெல்லி உயர் நீதிமன்றமே கேலி செய்து விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. கார்க்காரர் அதற்குள் ஜாமீனில் வந்துவிட்டார். அவர் மீதான அந்தக் கடுமையான பிரிவைப் போலீஸே கைவிட்டது. இத்தனைக்கும் டெல்லி போலீஸின் உச்சியில் இருக்கிற அதிகாரிகள் எல்லோரும் யூ.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வந்தவர்கள்.

இது மடமை என்று விட்டுவிடலாம். என் கோபம் மடமையின் மேல் இல்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்து, அந்த ஓட்டைக்கு மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற புத்திசாலிகள் மேல்.

2020 செப்டம்பர் 14. ஊரடங்குக்குப் பிறகு நாடாளுமன்றம் கூடிய முதல் நாள். மக்களவையில் உறுப்பினர்கள் கேட்கிறார்கள்: ஊருக்குத் திரும்பும் வழியில் இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர்? அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா? தொழிலாளர் அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வமான பதில்: அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை. மேற்கண்டதை முன்னிட்டு இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை.

திரும்ப ஒருமுறை படியுங்கள். நான் எண்ணவில்லை, ஆகவே நீ சாகவில்லை. அந்த மே மாதம் 8ஆம் தேதி விடியற்காலையில் மகாராஷ்டிராவின் ஔரங்காபாத் பக்கம், நடந்து நடந்து ஓய்ந்து தண்டவாளத்திலேயே தூங்கிப்போன 16 பேர் மேல் சரக்கு ரயில் ஏறியது. சிதறிக் கிடந்த சப்பாத்திகளை நாடே டிவியில் பார்த்தது. பதில் எழுதிய அதிகாரியும் பார்த்திருப்பார். அந்தப் பதிலுக்குச் சில நாள் கழித்து ரயில்வே அமைச்சர் மாநிலங்களவையில், ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் மட்டும் 97 பேர் இறந்ததாகச் சொன்னார். ஒரு அமைச்சகத்திடம் இல்லாத பிணம் இன்னொரு அமைச்சகத்திடம் இருந்தது. ஒரே அரசு, ஒரே நாடாளுமன்றம், ஒரே மாதம்.

ரீசனிங் பகுதியில் இன்னொரு வகைக் கேள்வியும் உண்டு. கொடுத்த வாதத்தைப் போலவே நடை போடுகிற வேறொரு வாதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு மாதிரி தேடி அலைய வேண்டியதில்லை, அவைக்குறிப்பைப் புரட்டினால் போதும். 2021 ஜூலை 20, மாநிலங்களவை: ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை. அதற்கு இரண்டரை மாதம் முன்பு, மே 1ஆம் தேதி, டெல்லி பத்ரா மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்து 12 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் அங்கேயே வேலை பார்த்த டாக்டர். மருத்துவமனை அதை உயர் நீதிமன்றத்திலேயே சொன்னது. மாநிலங்கள் ஒழுங்காகத் தெரிவிக்கவில்லை என்பது உண்மைதான். அந்த வெட்கத்தில் எல்லாக் கட்சிகளுக்கும் பங்குண்டு. ஆனால் தெரிவிக்கப்படவில்லை என்பதிலிருந்து நடக்கவில்லை என்பதற்குத் தாவுகிற அந்த ஒரு தாவலுக்குத்தான் தேர்வில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணைக் கழிக்கிறார்கள்.

அடுத்து, 2021 குளிர்காலக் கூட்டத்தொடர். ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் கிடந்த விவசாயிகளில் எத்தனை பேர் இறந்தார்கள், நிதி உதவி உண்டா? வேளாண் அமைச்சகத்திடம் இது குறித்துப் பதிவு எதுவும் இல்லை, ஆகவே கேள்வி எழவில்லை. அதே நேரத்தில் பஞ்சாப் அரசு இறந்தவர்களின் குடும்பங்களுக்கு, பெயர் ஊர் எல்லாம் எழுதிவைத்து, பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. பட்டியல் வேண்டுமென்றால் சண்டிகருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. போட்டால் கேள்வி எழுந்துவிடும்.

வினாத்தாளில் வாதத்தைப் பலவீனப்படுத்துகிற கூற்றை அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். நாலில் ஒன்றாக அது அங்கே இருக்கும், நீங்கள் அடையாளம் கண்டால் போதும். ஆளத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில்தான் கை வைக்கிறார்கள். வாதத்தைச் செப்பனிடுவது அவர்களுக்கு வீண் வேலை. அந்தக் கூற்று பிறக்காமல் பார்த்துக்கொள்வது சுலபம். 2017-18க்கான வேலைவாய்ப்பு ஆய்வு, வேலையின்மை 6.1 சதவீதம் என்றது. 45 ஆண்டுகளில் இல்லாத அளவு என்று பத்திரிகையில் கசிந்தது. வெளியிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். அறிக்கை எப்போது வந்தது? தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31. அதே ஆண்டு நவம்பரில், வீடுகள் எவ்வளவு செலவு செய்கின்றன என்று எடுத்த ஆய்வைத் தரவின் தரம் சரியில்லை என்று மொத்தமாகவே குப்பையில் போட்டார்கள்.

1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, இரண்டாம் உலகப் போரின் நடுவிலும், தவறாமல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021இல் நடக்கவில்லை. முதலில் கொரோனா. பிறகு, சும்மா. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மானிய விலை தானியம் பெறுகிறவர்களின் உச்ச எண்ணிக்கை, 2011 கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. 81.35 கோடி. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகள் இப்போது மீசை முளைத்து நிற்கிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று கேட்டால் ஒன்றிய அரசு சொன்னது: அடுத்த கணக்கெடுப்பு வெளிவந்த பிறகுதான் திருத்த முடியும். அடுத்த கணக்கெடுப்பை நடத்த வேண்டியவர் யார்? அவரேதான். ரேஷன் கார்டு இல்லாதவன் வயிற்றுக்கு இந்தத் தர்க்கம் விளங்காது, அவன் சி-சாட் எழுதியவனில்லை.

டெல்லியையே திட்டிக்கொண்டிருந்தால் சென்னையில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். நம்மூருக்கு வருவோம். கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும், ஆகவே டாஸ்மாக் நடக்க வேண்டும். எந்தக் கட்சி கோட்டையில் இருந்தாலும் வாய்ப்பாடு இதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோது கடைகள் திறந்துதான் இருந்தன. அதற்கு முந்தின ஆண்டு மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோதும் திறந்திருந்தன. கவனமாகச் சொல்கிறேன், இது அந்த வாதத்தைத் தகர்த்துவிடாது. மூடியிருந்தால் இன்னும் அதிகம் பேர் செத்திருப்பார்கள் என்று ஒருவர் சொல்லலாம். 2016 முதல் மதுவிலக்கு இருக்கிற பீகாரில் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் என்ன செய்தது என்று காட்டலாம். நியாயமான எதிர்வாதம். உட்கார்ந்து பேசத் தகுந்த விஷயம். ஆனால் யார் உட்கார்ந்து பேசினார்கள்? ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வருகிற ஒரு வாதத்தைப் பலவீனப்படுத்த எந்தக் கூற்றாலும் முடியாது. அமைச்சரைக் கேட்டால், உங்க ஆட்சியில நடக்கலையா என்பார். எதிர்க்கட்சிக்காரர், அதுக்கு முன்னாடி உங்க ஆட்சியில என்பார். நெறியாளர் இடைவேளை விடுவார். யார் சொல்கிறார் என்று பார்க்காதே என்பது முதல் விதி இல்லையா, நாம் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கடாசிவிட்டோம். அதுவும் தலைகீழாக வைத்துக்கொண்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பதில் இருக்கிறது. 2021இல் சமூக நீதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்தது. கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் கழிவுநீர்ச் சாக்கடைகளையும் தொட்டிகளையும் அபாயகரமாகச் சுத்தம் செய்யும்போது 941 பேர் இறந்ததாகத் தகவல் உண்டு. இரண்டும் ஒரே பதிலில். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் மலம் அள்ளுபவர் என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது, அபாயகரமான சுத்தப்படுத்தல் என்பதற்கு வேறொரு வரையறை இருக்கிறது. உலர் கழிப்பிடத்தில் குனிந்து அள்ளினால் முதல் இனம். மூடியைத் திறந்து கயிற்றைக் கட்டி அதே மலத்துக்குள் கழுத்தளவு இறங்கினால் இரண்டாம் இனம். விஷவாயு எந்த வரையறையைப் படித்துவிட்டு நுரையீரலுக்குள் போகிறது என்று கேட்கக் கூடாது, அது பாடத்திட்டத்தில் இல்லை. 941 பிணங்களை ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு நகர்த்திவைத்துவிட்டு, முதல் பத்தி சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்கிறார்கள். அந்த 941இல் அதிகம் பேரைக் கொடுத்த மாநிலம் எது என்று தெரியுமா? சமூக நீதி என்று சுவருக்குச் சுவர் எழுதிவைத்திருக்கிற தமிழ்நாடு. 200க்கு மேல். இறந்தவர்கள் எந்தச் சாதி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதற்கு எந்தக் கோச்சிங் சென்டரும் வேண்டாம்.

குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. ஆளை இறக்காதே என்று சட்டம் சொல்கிறது, ஆனாலும் இறக்குகிறார்கள். ஒப்பந்ததாரர் இறக்கினார், எங்களுக்குத் தெரியாது என்கிறது மாநகராட்சி. ஒப்பந்தம் யார் கொடுத்தது என்று யாரும் கேட்டுவிடாமல் அடுத்த செய்தி வந்துவிடுகிறது. பாதுகாப்புக் கருவி கொடுத்தோம், அவர்தான் போட்டுக்கொள்ளவில்லை என்பது இன்னொரு பதில். செத்தவன் மறுத்துப் பேச மாட்டான் என்பதே இந்த வாதத்தின் ஒரே பலம்.

இந்தப் பதில்களை அமைச்சர்கள் எழுதுவதில்லை. பிரிவு அலுவலர் வரைவு போடுவார், சார்புச் செயலர் திருத்துவார், இணைச் செயலர் பார்ப்பார், பிறகுதான் மேலே போகும். அந்த மேசைகளில் உட்கார்ந்திருக்கிற பலரும் லட்சக்கணக்கான பேரோடு போட்டியிட்டு, வாதத்தில் அனுமானம் எது முடிவு எது என்று குறித்துத் தேறி வந்தவர்கள். தெரியாமல் எழுதினார்கள் என்று சொன்னால் யூ.பி.எஸ்.சி.யை அவமதித்ததாகும். தெரிந்தேதான் எழுதுகிறார்கள். பலவீனப்படுத்துகிற கூற்று எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரால்தான் அதைக் கச்சிதமாக விட்டுவிட்டு ஒரு பதிலை எழுத முடியும்.

இந்த ஆண்டும் யாரோ ஒருவர் அண்ணா நகரில் மாக் டெஸ்டு மேல் மாக் டெஸ்டு எழுதி, சி-சாட்டில் 66ஐத் தாண்டி, மெயினும் நேர்காணலும் முடித்து உள்ளே போவார். நல்லவராகவே இருப்பார். சில வருடத்தில் ஏதோ ஓர் அமைச்சகத்தில் அவர் மேசைக்குக் கழிவுநீர்த் தொட்டி மரணங்கள் பற்றிய நட்சத்திரக் குறியில்லாத கேள்வி ஒன்று வரும். கோப்பில் போன கூட்டத்தொடருக்குக் கொடுத்த பதில் ஒட்டியே இருக்கும். தேதியை மட்டும் மாற்றினால் போதும்.